கொழிஞ்சி இன்னும் இருக்குதா என்று கேட்டாய்

அன்பு மகன் சவரிக்கு,

நேற்று நீ போனில் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்றா என்றாய், சொன்னேன். கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்களா என்றாய், வாசித்தார்கள், பூசை நடுவில் உன் பெயரைக் கேட்டதும் உன் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள் என்பதுவரை சொன்னேன். போனை வைக்கப் போகிற நேரத்தில், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவனைப் போல, "அப்பா, அந்தக் கொழிஞ்சிச் செடி இன்னும் இருக்குதா?" என்றாய். "இங்க வெயில் ஜாஸ்திப்பா" என்று சம்பந்தமில்லாமல் உளறிவிட்டு போனை உன் அம்மாவிடம் தள்ளிவிட்டேன். அவள் என்னை முறைத்த முறைப்பு உனக்கு மஸ்கட்டிலிருந்தே தெரிந்திருக்கும்.

அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மாதான் ஒவ்வொரு பக்கமாக போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறாள். அனுப்புவதற்கு முன்னால் அவளும் படிப்பாள். படிக்கட்டும். இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கல்யாணம் முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புவதா, இல்லை இங்கேயே இருந்துவிடுவதா என்று நீ இன்னும் முடிவு பண்ணவில்லை என்று அவளிடம் சொன்னாயாம். நீ கட்டிக்கொள்ளப் போகிற ஸ்டெல்லாவும் ஊரிலேயே இருக்கலாம் என்கிறாளாம். அந்தப் பேச்சு என் காதில் விழுந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை இவ்வளவு வருஷமாக நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நீ கேட்ட கேள்விக்கும் உன் முடிவுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. நான் மழுப்பினால் நீ விமானம் ஏறிவிடுவாய். உள்ளதைச் சொன்னாலும் ஏறிவிடுவாயோ என்பதுதான் என் பயம்.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். வயதானவன் கடிதம் எழுதினால் நேராக விஷயத்துக்கு வரமாட்டான்.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் கத்திரிக்குக் கடை மருந்து அடித்துவிட்டு வரப்பிலேயே விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கடல்காற்று எதிரே வீசுகிறது, மூக்கில் ஒரு துணியும் கட்டாமல் மருந்து டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வீராப்பாகப் போனேன். வாந்தி எடுத்து, கண் இருட்டி, உன் அம்மாவும் பக்கத்து நிலத்து ஏழுமலையும் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீ ஒரு சொம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாய். தெளிந்து எழுந்த பிறகு உன் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இன்னொரு வாட்டி அந்த டேங்கைத் தூக்கினா நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் பூடுவேன்." அப்போது நான் ஆரோவில் பக்கம் ஒரு பண்ணையில் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே வேப்பங்கொட்டைக் கரைசல், இஞ்சி பூண்டுக் கரைசல் என்று என்னென்னவோ அடிப்பார்கள். பண்ணையின் ஓரத்தில் என் தலைக்கு மேல் உயர்ந்து, வெல்வெட் துணியைத் தடவுகிற மாதிரி மெத்தென்ற இலையோடு ஒரு செடி வரிசை இருந்தது. பூ வெள்ளை, காய் தட்டையாக, ரோமம் அடர்ந்து இருக்கும். நாம் காலங்காலமாக நெல்லுக்குத் தழையுரமாக மிதித்துவிடும் கொழிஞ்சிக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன், உருவத்திலும் குணத்திலும் பெரியவன் என்றார் பண்ணைக்காரர். இலையை அரைத்து ஊறவைத்து அடித்தால் அசுவினிப் பூச்சி, வண்டு, புழு எல்லாம் போய்விடும் என்றார். ஒரு பிடி விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தபோது இதையும் சேர்த்துச் சொன்னார்: "தண்ணிப் பக்கம் மட்டும் கொண்டு போவாதீங்க. அவங்க ஊர்ல இந்த இலையை நசுக்கி ஆத்துல போட்டுத்தான் மீன் புடிக்கிறாங்க."

சவரி, அவர் எச்சரிக்கையாகச் சொன்னதை நான் அந்தச் செடியின் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன். ஆற்று மீனையே மயங்க வைக்கிற செடி என்றால் என் கத்திரி வண்டு எம்மாத்திரம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன். காது கேட்டது, புத்தியில் ஏறவில்லை.

செடியை நன்றாகத்தான் வளர்த்தேன், அதில் குறை சொல்ல முடியாது. விதையின் தோல் கெட்டி, ராத்திரி முழுக்க ஊறவைக்காவிட்டால் முளைக்காது. ஆடியில் ஊன்றினேன். நம் செம்மண் மேடு அதற்குப் பிடித்துவிட்டது. கிழக்கே உப்பளத்தை ஒட்டிய உவர் மண்ணில் ஊன்றியதெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போனது, மேட்டில் ஊன்றியது பொங்கலுக்குள் என் தோள்வரை வந்துவிட்டது. பூக்கிற சமயத்தில் இலையை ஒடித்து, உரலில் இடித்து, டிரம்மில் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் சேர்த்து, பொழுது சாய்ந்த பிறகு அடித்தேன். வெயிலில் அடித்தால் அதன் வீரியம் போய்விடும். கத்திரி இலையைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்த புள்ளி வண்டெல்லாம் மறுநாள் செடிக்கடியில் கொட்டிக் கிடந்தது. அன்றைக்கு நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தாய், பார்த்துச் சிரித்தாய்.

ஏழுமலை நம்பவில்லை. தர்பூசணிக்குக் கடை மருந்தையே நம்பிக் கிடக்கிறவன் அவன். "இலைத் தண்ணியில வண்டு சாவுதா? யார்கிட்ட வுடற?" என்றான். உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரம்மில் விரலை விட்டு அவன் கண்ணெதிரே நக்கிக் காட்டினேன். "பாரு, இயற்கை. மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது." கொஞ்ச நேரத்தில் நாக்கும் உதடும் மரத்துப்போயின. ராத்திரிச் சாப்பாட்டில் மீன் குழம்புக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உன் அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஊறுகாயாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள், நானும் மானத்தைக் காப்பாற்றச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நீ சிரிப்பை அடக்க முடியாமல் தட்டோடு எழுந்து வெளியே போனாய். இப்போது நினைத்தால், அந்தச் செடி எனக்குத் தனியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறது. அதையும் நான் வேடிக்கையாக்கிவிட்டேன். தயவுசெய்து நீ அதை நக்கிப் பார்க்காதே. அடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள், அடித்த காயை உடனே பறிக்காதே.

அப்புறம் நீ படிப்பை முடித்துவிட்டு வந்தாய். கோட்டக்குப்பத்துச் சிநேகிதன் மஸ்கட்டுக்கு விசா ஏற்பாடு பண்ணித் தருகிறேன் என்று நின்றான். நீதான் தள்ளிப்போட்டாய். "ஒரு வருசம் பாக்கறேன்ப்பா. குட்டை வெட்டி மீன் வுடறேன், அது கைகொடுத்துச்சின்னா இங்கயே இருந்துடறேன். இல்லைன்னா போறேன்" என்றாய். மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் வடிந்து உப்பளத்துப் பக்கம் ஓடி வீணாகிறது, அதைத் தாழ்ந்த மூலையில் தேக்கினால் கோடையில் கிணறு கரிக்காது என்று நீ சொன்னபோது நான் உள்ளுக்குள் சிரித்தேன். அடுத்த கோடையில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், கரிக்கவில்லை. அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் அம்மாவிடம் சொன்னேன், ஏழுமலையிடம் சொன்னேன், டீக்கடையில் பெருமையடித்தேன், உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. அப்பாக்களுக்கு இப்படி ஒரு வியாதி இருக்கிறது. உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் நீயாவது அந்த வியாதிக்கு வைத்தியம் பண்ணிக்கொள்.

குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்டாய். தினமும் காலையில் தவிடும் வேர்க்கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து எடுத்துக்கொண்டு போய், கரையில் ஒரு கழியால் தட்டுவாய், மீனெல்லாம் அந்த மூலைக்கு வந்து சேரும். நான் தூரத்தில் நின்று, "மல்லாட்டைப் பிண்ணாக்க மாட்டுக்கு வெச்சா பாலாவது குடுக்கும்" என்று முணுமுணுப்பேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய். தவக்காலத்தில் நம்மவர்கள் கறியை விட்டு மீனுக்கு வருவார்கள், பெரிய வெள்ளிக்கு முந்தின நாட்களில் வலை போட்டால் வீடு தேடி வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாய். வலைக்கு ஆள் சொல்லியாயிற்று. விசாக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டாயாம். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம் கத்திரிக்குக் கொழிஞ்சிக் கரைசல் அடித்தேன். வடிகட்டிய சக்கை ஒரு கூடை மிஞ்சியது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், எதையும் தூக்கி எறிய எனக்கு மனசு வராது. முட்டை ஓட்டை ரோஜாவுக்குப் போடுவேன், மீன் கழுவின தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவேன், கிழிந்த கொசுவலையைப் பந்தலுக்குக் கட்டுவேன். உன் அம்மா கொண்டை போடும்போது உதிர்ந்த முடியைக்கூட எலி வளையில் அடைத்து வைத்தவன் நான். குட்டைக் கரையில் நட்ட எலுமிச்சங் கன்றுகள் வெயிலில் வாடிக் கிடந்தன. அந்தச் சக்கையைக் கொண்டுபோய் அவற்றின் அடியில் மூடாக்காகப் பரப்பினேன். நீ பார்த்துவிட்டு ஓடி வந்தாய். "அப்பா, இது குட்டைப் பக்கம் வேணாம்ப்பா. மீன் இருக்குது." நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டேய், இயற்கைடா இது. சக்கையில என்னா இருக்கப்போவுது? மழையா பெய்யுது?" என்றேன். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நீ போய்விட்டாய். அன்றைக்கு ராத்திரி கோடைமழை பெய்தது. நான் கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டு, கத்திரிக்கு அடித்த மருந்து வீணாய்ப் போகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன். குட்டை என் நினைப்பில் வரவே இல்லை.

மறுநாள் பூசை முடிந்து பவனி முடிந்து, கையில் குருத்தோலையோடு வீட்டுக்கு வந்தோம். நீ வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் குட்டைக்குப் போனாய். உன் சத்தம் கேட்டு நாங்கள் ஓடி வந்தோம். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே சாய்ந்துவிட்டன. நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டிருந்தாய். "மோட்டாரப் போடுங்கப்பா! கெணத்துத் தண்ணிய வுடுங்க!" என்று கத்தினாய். போட்டேன். தண்ணீர் பாய்ந்தது. ஒரு பயனும் இல்லை. பொழுது உச்சிக்கு வருவதற்குள் குட்டை முழுக்க வெள்ளை வயிறாகக் கிடந்தது. நீ கரையேறி, பக்கத்தில் போட்டிருந்த குருத்தோலையை எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் தோள் குலுங்கியது. நீ வளர்ந்த பிறகு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். சக்கையைப் பரப்பியதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, மன்னிச்சிருப்பா என்று ஒரு சொல் இல்லை. "சவரி, வீணாக்க வேணாம்டா. வெல்லம் வாங்கியாறேன். மீனோட டிரம்முல ஊறப்போட்டு மீன் அமிலம் பண்ணிரலாம், பயிருக்கு அவ்ளோ நல்லது" என்றேன். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். உன் அம்மா, "வாய மூடுய்யா, மனுசனா நீ?" என்றாள். நான் வாயை மூடியிருக்கலாம். மூடிக்கொண்டு போய் வெல்லம் வாங்கி வந்தேன்! ஆமாம், வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவரைக்கும் போய், கடைக்காரனிடம் நல்ல வெல்லமாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன். திரும்பி வந்தபோது நீயும் அம்மாவும் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்து, மண்ணை மிதித்துக்கொண்டிருந்தீர்கள். நான் வெல்லப் பொட்டலத்தோடு நின்றேன். அந்த வெல்லத்தை உன் அம்மா ஈஸ்டர் பலகாரத்துக்குக்கூடத் தொடவில்லை. கடைசியில் எறும்பு தின்று தீர்த்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. கல்நெஞ்சக்காரன் என்று நீ நினைத்திருப்பாய், நினைத்தால் தப்பில்லை. ஆனால் எனக்கு அழுகிறவர்கள் பக்கத்தில் சும்மா நிற்கத் தெரியாது. கை பரபரக்கும், வாய் ஏதாவது ஒரு உபயோகமான யோசனையைச் சொல்லிவிடும். உன் அம்மாவின் அண்ணன் செத்த வீட்டில், அவள் அழுதுகொண்டிருக்கும்போது, வாசலில் கிடந்த அவர் செருப்பைக் காட்டி "இது புதுசா இருக்குதே, என் காலுக்குச் சேருமா?" என்று கேட்டவன் நான். அவள் அதை இன்றைக்கும் மறக்கவில்லை, நாங்கள் எதற்குச் சண்டை போட்டாலும் அந்தச் செருப்பில்தான் வந்து முடியும். அன்றைக்குக் குட்டைக் கரையில் என் தப்பு மலை மாதிரி எதிரே கிடந்தது. அதைப் பார்க்கப் பயந்து, அதை எதற்காவது உபயோகமாக்கிவிட்டால் அது தப்பாக இல்லாமல் போய்விடும் என்று என் புத்தி ஓடியிருக்கிறது. மீன் செத்தது மழையாலும் சக்கையாலும். நீ ஊரை விட்டுப் போனது அந்த வெல்லத்தால் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் இதை மட்டும் புத்திமதியாக எடுத்துக்கொள். ஸ்டெல்லா ஒரு நாள் அழுவாள். எல்லா வீட்டிலும் ஒரு நாள் வரும். அன்றைக்கு உனக்கும் ஒரு நல்ல யோசனை தோன்றும், ஏனென்றால் உன் உடம்பில் ஓடுவது என் ரத்தம். யோசனை நல்லதாகவே இருக்கும், மீன் அமிலமும் பயிருக்கு நல்லதுதான். அதை விழுங்கிவிடு. பக்கத்தில் உட்கார். அந்த யோசனையை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது.

நீ புறப்பட்ட நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈசிஆர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். நான் உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அங்கே சாப்பாடு எப்படி இருக்கும், ரூமில் எத்தனை பேர் என்று பேசிக்கொண்டே இருந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்ததும், "செடியெல்லாம் பிடுங்கிப் போட்டுடறேன் சவரி" என்றேன். நீ பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வேணாம்ப்பா. செடி மேல தப்பில்ல" என்றாய். அவ்வளவுதான், ஏறிவிட்டாய். செடி மேல் தப்பில்லை என்றால் யார் மேல் என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து கத்திரிக்குத் தண்ணீர் கட்டினேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கொழிஞ்சி இருக்கிறது. குட்டைக்கு மேலே நின்ற வரிசையை, விதை எடுத்துக்கொண்டு, அந்த வருஷமே வேரோடு எடுத்துவிட்டேன். இப்போது அது சவுக்குத் தோப்பு ஓரத்து மணல் மேட்டில் நிற்கிறது. அங்கே பெய்கிற மழை அங்கேயே இறங்கிவிடும், எந்தப் பக்கமும் வடியாது. ஒரு மழைக்காலம் முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த பிறகுதான் அங்கே ஊன்றினேன். டிரம் அந்த மேட்டை விட்டு நகராது. கழுவுகிற தண்ணீரும் சக்கையும் அங்கேயே குழிக்குள் போய் மண்ணுக்கடியில் மூடப்படும். ஏழுமலைகூட இப்போது கத்திரிக்கு அதைத்தான் அடிக்கிறான், கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து, வானூர் பக்கத்திலிருந்துகூட, விதை கேட்டு வருகிறார்கள். விதையை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், "ஒக்காருங்க, ஒரு விசயம் சொல்லணும்" என்று சொல்லி உன் குட்டைக் கதையைச் சொல்கிறேன். சக்கையையும் சொல்கிறேன், மழையையும் சொல்கிறேன். "இயற்கைதானே, என்ன பண்ணும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. பாம்பும் இயற்கைதான்யா என்று ஒருத்தரிடம் கத்திவிட்டேன், அவர் விதை வாங்காமலேயே போய்விட்டார். வெல்லக் கதையை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அம்மா சொல்ல வேண்டாம் என்றாள், நீ வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். எனக்கு அடங்கவில்லை. நீ போனதிலிருந்து குட்டையை நான் அப்படியே விட்டிருந்தேன், கோரை மண்டிக் கிடந்தது. போன மழைக்கு முன்னால் ஆள் வைத்துத் தூர் வாரினேன். ஐப்பசி மழையில் நிறைந்தது. மீன்குஞ்சு வாங்கி விட்டேன். தினமும் காலையில் தவிடும் பிண்ணாக்கும் பிசைந்து எடுத்துக்கொண்டு போகிறேன். மல்லாட்டைப் பிண்ணாக்குதான், சிரிக்காதே. உன் கழி மோட்டார் கொட்டகையில் சொருகி இருந்தது, அதை எடுத்துத் தட்டினேன். ரொம்ப நாள் ஒரு மீனும் வரவில்லை, நான் முட்டாள் மாதிரி தட்டிக்கொண்டு நின்றேன். ஒரு நாள் வந்தன. அன்றைக்குத்தான் நீ தினமும் என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து வானத்தில் மேகம் திரண்டால், எலுமிச்சை அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு கரையைச் சுற்றுகிறேன்.

இந்தத் தவக்காலத்தில் ஒரு காலையில் ஒரு கட்லா செத்து மிதந்தது. தண்ணீரில் இறங்கி எடுத்துப் பார்த்தால் முதுகில் கொக்கு கொத்தின காயம், மற்ற மீனெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம்தான் மூச்சு வந்தது. நல்ல கனமான மீன். எலுமிச்சைக்கு அடியில் வைத்தால் காய் காய்த்துத் தள்ளும், தென்னைக்கு வைத்தாலும் ஆகும், டிரம்மில் போட்டால் ஒரு வருஷத்துக்கு வரும். இதெல்லாம் என் புத்தியில் வரிசையாக ஓடியது, ஓடாமல் இருக்குமா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மீனை வேட்டி மடிப்பில் ஏந்திக்கொண்டு, நம் எல்லையைத் தாண்டி உப்பளத்துக் கரைக்குப் போனேன். வெள்ளையாக உப்புப் பூத்து, ஒரு புல்கூட முளைக்காத இடமாகப் பார்த்தேன். அங்கே தோண்டிப் புதைத்தேன். எந்த மரத்துக்கும் உதவாது, எந்தப் பயிருக்கும் போய்ச் சேராது. என் வாழ்நாளில் நான் தெரிந்தே வீணாக்கியது அது ஒன்றுதான். உப்பு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன் சவரி. அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டியதை இவ்வளவு வருஷம் கழித்துத் தனியாக அழுதேன்.

இப்போது சாயங்காலத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் குட்டைக்கு விடுகிறேன். கிணறு கரிக்கவில்லை. நீ வெட்டின குட்டையால்தான் கரிக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், இப்போதாவது என் வாயால் சொன்னேன்.

முடிவு உன்னுடையது. இருந்தாலும் போனாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றமில்லை. குட்டையும் இருக்கிறது, கொழிஞ்சியும் இருக்கிறது, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கின்றன. கல்யாணத்துக்கு வரும்போது இரண்டையும் வந்து பார். அந்தச் செடி கண்ணில் படுவதே உனக்குக் கஷ்டமாக இருந்தால் ஒரு வார்த்தை சொல், அன்றைக்கே எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிடுகிறேன். பிடுங்கி ரோட்டோரத்தில் தூக்கி எறிந்துவிடுகிறேன். எருக்குழியில்கூடப் போடமாட்டேன்.

அப்பா